கட்டைவிரலுக்கு எழுதிய அப்பீல்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து முத்துச்செல்வி போன் செய்தாள். நான் ஓய்வுபெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண் அவள். ஆபீசில் புது மென்பொருள் ஒன்று வந்திருக்கிறதாம். ஒரு சிகிச்சையை மறுத்து அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் கடிதத்தை அதற்குள் போட்டால், மூன்று நிமிடத்தில் பதில் அப்பீலை எழுதித் தந்துவிடுமாம். மறுக்கிற கம்பெனியும் மறுப்பதற்கு ஒரு மென்பொருள் வைத்திருப்பதாகக் கேள்வி என்றாள்.

"அப்ப அது ரெண்டும் பேசிக்கிடட்டும். நீங்க டீ குடிக்கப் போங்க" என்றேன்.

"அதில்ல சிஸ்டர். புதுசாச் சேந்த பிள்ளைகளுக்கு இந்த வேலை என்னன்னே புரிய மாட்டேங்குது. நீங்க நாலு பக்கம் எழுதிக் குடுத்தீகன்னா வாசிக்கச் சொல்லுவேன்."

பதினான்கு வருடம் மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதியவளுக்கு நாலு பக்கம் பெரிய விஷயமில்லை. எழுதுகிறேன்.

நான் முதலில் நர்ஸ். சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பட்டாசு ஊரில் அந்தப் பிரிவு எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் தூக்கக் கூடாது என்றார். வாளிக்குள் அடங்கும் நோயாளி யாரும் எங்கள் வார்டுக்கு வருவதில்லை. வேலையை விட்டேன்.

அப்போதுதான் விருதுநகரில் இந்தக் கம்பெனி, நர்சிங் படித்து ஓரளவு ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் விண்ணப்பித்தேன். மூன்று வாரம் பயிற்சி. அதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். அமெரிக்காவில் டாக்டர் ஒரு சிகிச்சை வேண்டும் என்று எழுதினால் அது ஆரம்பம் மட்டுமே. அது உண்மையிலேயே வேண்டுமா என்று நோயாளியைப் பார்த்தேயிராத ஒருவர் முடிவு செய்வார். அவர் வேண்டாம் என்றால் நூற்றெண்பது நாளுக்குள் அப்பீல் போடலாம். அந்த அப்பீலை அங்கிருக்கும் ஆஸ்பத்திரிகளுக்காக எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. போன் பேசுகிற பிரிவு ராத்திரி வரும். கடிதத்துக்கு நேரம் காலம் கிடையாது என்பதால் எங்களுக்குப் பகல் வேலை.

கட்டடத்துக்கு மூன்று மாடி. கீழே மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. மூட்டை இறங்கும் நாளில் மாடியில் எல்லோரும் தும்முவோம். முதல் மாடியில் நாங்கள். இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனியின் இன்னொரு பிரிவு. அவர்கள் வேலை பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு. அதாவது மறுப்புக் கடிதத்துக்கு வேண்டிய குறிப்புகளை மேல்மாடியில் தயாரிப்பார்கள். அந்த மறுப்பை எதிர்த்துக் கீழ்மாடியில் நாங்கள் எழுதுவோம். நடுவில் அமெரிக்கா இருந்தது. இதில் தவறு ஒன்றுமில்லை என்றும், இரண்டு மாடிக்காரர்களும் ஃபைல்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றும் வருடத்துக்கு ஒருமுறை வகுப்பு எடுத்து, 'புரிந்தது' என்ற பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அழுத்துவோம்.

மேல்மாடியில் ரெஜினா இருந்தாள். சிவகாசி வார்டில் என்னோடு வேலை பார்த்தவள். அவளுக்கு முழங்கால் வலி. நான் சேர்ந்த அடுத்த வருடம் அதே விளம்பரத்தைப் பார்த்து அவளும் வந்தாள். சிவகாசியிலிருந்து காலையில் ஒரே பஸ், சாயங்காலம் ஒரே பஸ். ஏறும்போது நான் அவளுக்குக் கை கொடுப்பேன். இறங்கும்போது அவள் என் பையை வாங்கிக்கொள்வாள்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் தனுஷ்கோடி சார். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். சூலக்கரையிலிருந்து சைக்கிளில் வருவார். மருத்துவம் தெரியாது. மனு தெரியும். நாங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு வாய்விட்டு வாசிப்பார். 'துரதிர்ஷ்டவசமாக' என்று இருந்தால் அடிப்பார். 'தயவுகூர்ந்து' என்று இருந்தால் இரண்டு முறை அடிப்பார்.

"சிஸ்டர், நம்ம யாருக்கிட்டயும் கெஞ்சல. அவுக எழுதிக் குடுத்த பாலிசிய அவுகளுக்கே வாசிச்சுக் காட்டுறோம். அம்புட்டுத்தான்" என்பார்.

அவர் பேனாவைக் கொண்டுபோகாத ஒரே இடம், நோயாளிகள் தாங்களே எழுதி அனுப்பும் கடிதங்கள். அவை எங்கள் அப்பீலோடு இணைப்பாகப் போகும். அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவோ நீக்கவோ கூடாது என்பது அவர் உத்தரவு. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் அந்தக் கடிதங்களில் கற்றவை. ஒருவர் எக்ஸ்ரே படத்தில் அம்புக்குறி போட்டு, 'இது என் எலும்பு, இது முறிந்த இடம், உங்களுக்குத் தெரிகிறதா' என்று எழுதியிருந்தார். ஒரு பெண், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் திரும்பத் திரும்ப ஓடிய பாட்டை இசைக் குறிப்பாகவே எழுதி அனுப்பியிருந்தார். இன்னொருவர் பதினோரு நாள் தொடர்ந்து ஒரே வரியை எழுதினார்: 'நான் உயிரோடு இருக்கிறேன், உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறேன்.' பன்னிரண்டாவது நாள் கடிதம் வரவில்லை. முடிவு வந்ததா, அவர் போனாரா என்று எங்களுக்குத் தெரியாது. இணைப்பு பதினொன்று என்று எண் போட்டு அனுப்பினோம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியில் ஏதாவது பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரனுக்கு இன்சூரன்ஸ்காரன் மேல எதுக்கு இம்புட்டுக் கோவம்?" என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கு அந்த இணைப்புகள்தான் ஞாபகம் வரும். மாதாமாதம் தவறாமல் கட்டி, அட்டையைப் பர்சில் பத்திரமாக வைத்து, நோய் வந்த அன்றைக்கு அதை எடுத்து நீட்டியவர்களின் கோபம் அது. நம்மூர் ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அழவில்லை. மேற்கோள் காட்டினார்கள், பக்க எண் போட்டார்கள், திட்டினார்கள்.

இனி அந்தக் கை.

அந்த மனிதரின் பெயர் வேண்டாம். ஐம்பது வயது தாண்டியவர். முடி வெட்டும் தொழில். ஒரு சிறிய ஊரில் சொந்தக் கடை. அவர்கள் நாட்டுச் சுதந்திர தினத்தில் வீட்டு முற்றத்தில் வெடித்த வெடி ஒன்று கையிலேயே வெடித்துவிட்டது. ஃபைலைத் திறந்ததும் அந்த வெடி எந்த ஊர்ச் சரக்கு என்றுதான் முதலில் தேடினேன். மருத்துவக் குறிப்பில் அதெல்லாம் எழுதுவதில்லை. ஆனாலும் கடைசிப் பக்கம்வரை தேடினேன்.

வலது உள்ளங்கையும் கட்டைவிரலும் வெந்திருந்தன. முதலில் தோல் ஒட்டினார்கள். அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் புதுத்தோல் சுருங்கி, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. இறுகிய தோலை வெட்டி விரலை விடுவித்து, பிறகு மாதக்கணக்கில் அழுத்தக் கையுறை போட வேண்டும் என்று டாக்டர் எழுதினார். அதற்குத்தான் மறுப்பு. காரணம் ஒரு வரி: 'கோரப்பட்ட சிகிச்சை தோற்றத்தை மேம்படுத்துவதற்கானது, மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை.'

தீக்காயத் தோல் சுருங்குவது எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்த விஷயமில்லை. பேச்சியம்மாள் என்று ஒரு பெண். வெடிக்குத் திரி வைக்கிற வேலை. வலது கை வெந்து எங்கள் வார்டில் இரண்டு மாதம் கிடந்தாள். விரல்களை விரித்து வைக்கும் பட்டை தீர்ந்துபோயிருந்தது. அட்டையை வெட்டித் துணி சுற்றி நானும் ரெஜினாவும் கட்டி அனுப்பினோம். வாரம் ஒருமுறை வரச் சொன்னோம். எட்டு மாதம் கழித்து வந்தாள். கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.

"இதைப் பிரிச்சு விட்டீகன்னா வேலைக்குப் போயிருவேன் சிஸ்டர்" என்றாள்.

டாக்டர் ஊரில் இல்லை. மதுரைக்குப் போக அவளுக்கு ஆள் துணை கிடையாது. "முன்னாடியே வந்திருக்கணும்மா" என்று நான் சொன்னேன். சரி என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. காரணக் குறியீடு, பாலிசிப் பிரிவு, அப்பீல் செய்யும் கால அவகாசம் எதுவும் குறிப்பிடாமல் நான் கொடுத்த மறுப்பு அது.

அதனால் அமெரிக்கக்காரரின் முதல் அப்பீலைக் கொஞ்சம் உருக்கமாக எழுதினேன். தனுஷ்கோடி சார் பாதியை அடித்தார். மீதியை அனுப்பினோம். முப்பதாவது நாள் பதில் வந்தது: 'மறுபரிசீலனைக்குப் பின்னரும் முடிவில் மாற்றமில்லை.' இனி ஒரே ஒரு அப்பீல் மிச்சம். அதன் பிறகு வெளியார் விசாரணை. அது முடியும்போது அந்தக் கை எந்த டாக்டராலும் பிரிக்க முடியாத நிலைக்குப் போயிருக்கும். தோல் காத்திருக்காது.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு அறையில் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ரெஜினா.

"என்னடி, சாப்பிடாம சோத்தைப் பாத்துக்கிட்டு இருக்க?"

நான் பெயர் சொல்லவில்லை. எண் சொல்லவில்லை. பதினான்கு வருடத்தில் நான் விதியை மீறியது அந்த ஒரு நிமிடம்தான் என்று எழுத ஆசை. இன்னொரு தடவையும் மீறினேன். அது பின்னால் வரும்.

"ஒரு கை ரெஜினா. வலது கை. பெருவிரல் உள்ள மடங்கிப் போச்சு. நம்ம பேச்சியம்மாளுக்கு இருந்துச்சுல்ல, அதே மாதிரி. முடி வெட்டுற மனுசன். அழகுக்குப் பண்ணுற வைத்தியம்னு எழுதிட்டாங்க."

ரெஜினா டிபன் பாக்ஸை மூடினாள். அதில் பாதிச் சாப்பாடு இருந்தது. எழுந்து மாடிக்குப் போனாள். சாயங்காலம் பஸ்ஸில் ஆமத்தூர் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு பேசினாள்.

"நான் பொய் எழுதல எஸ்தரு."

"நீயா?"

"எனக்கு ஒரு ஃபைலுக்குப் பன்னெண்டு நிமிசம். படிச்சு, பெட்டி பெட்டியா இருக்கும், அதை நிரப்பணும். அந்தூரு டாக்டரு என் பெட்டியைத்தான் பாப்பாரு, ஃபைலைப் பாக்க மாட்டாரு. விரல் எத்தனை டிகிரி விரியுதுன்னு ஒரு பெட்டி. உங்க ஆளு ஃபைல்ல 'மிகவும் குறைவு'ன்னு எழுதியிருக்கு. குறைவுன்னா எம்புட்டு? நம்பர் இல்ல. நான் காலியா விட்டேன். அது காலியா இருந்தா, தோற்றம்னு கம்ப்யூட்டரே எடுத்துக்கிடும்."

"உனக்குத் தெரியாதா, அந்தக் கை எப்படி இருக்கும்னு?"

"தெரியும்டி. எனக்குத் தெரிஞ்சதை எழுத அதுல பெட்டி இல்ல."

மறுநாள் தனுஷ்கோடி சார் முன்னால் போய் நின்றேன்.

"சார், இரண்டாவது அப்பீலுக்கு விரலோட கோணத்தை டிகிரியில அளந்து வாங்கணும்."

"எதுக்கு? முதல் மறுப்புல டிகிரின்னு ஒரு வார்த்தை இல்லியே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சிஸ்டர், இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நான் கேக்கப் போறதில்ல. நீங்களும் சொல்லீராதீக. சொன்னா நான் எழுதி வைக்கணும். எழுதி வச்சா ரெண்டு பேருக்கு வேலை போகும். அதுல ஒரு ஆளு நீங்க."

"சரி சார்."

"ஆனா ரகசியத்தை வச்சு மனு போட முடியாது. எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா காட்டணும்."

அதன் பிறகு இரண்டு நாள் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. அந்த இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர்களுக்காக வெளியிட்டிருந்த கையேட்டை, யாரும் பார்க்கக்கூடிய அதன் வலைத்தளத்திலிருந்து இறக்கி, முழுவதையும் அச்செடுக்கச் சொன்னார். அடுக்கி வைத்தால் ஒரு சாண் உயரம் வந்தது. அடிஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வத்தல் மூட்டை இறங்கிய நாள். தும்மிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்வார். இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்.

பிற்சேர்க்கை ஒன்றில், அடிக்குறிப்பில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது. கையின் செயல் இழப்பைக் கோணமானியால் அளந்து டிகிரியில் குறிப்பிட்டிருந்தால், அந்தச் சிகிச்சை தோற்றம் சார்ந்ததாகக் கருதப்பட மாட்டாது.

"இப்ப வாசிச்சீகளா?"

"வாசிச்சேன் சார்."

"இங்கனதான் வாசிச்சீக. வேற எங்கனயும் இல்ல. பக்க எண்ணைக் குறிச்சுக்கோங்க."

அமெரிக்க ஆஸ்பத்திரியில் எங்களோடு தொடர்பில் இருந்தவர் டோனா என்ற அம்மாள். பக்க எண்ணைக் குறிப்பிட்டு அளவு வேண்டும் என்று எழுதினேன். அளக்க வேண்டியவர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் என்றும், அவரிடம் நோயாளி போவதற்கான அனுமதியை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே நிறுத்திவிட்டது என்றும் பதில் எழுதினார். அதாவது, கை கெட்டுப்போயிருக்கிறது என்று நிரூபிக்க அளவு வேண்டும். கையை அளக்க அனுமதி கிடையாது. டோனா அம்மாள் அதற்கு அடுத்த வரியில் அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருந்தார். இணைப்புகளில் அதை நான் ஏற்கெனவே படித்திருந்ததால் அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் டோனா விடவில்லை. அந்தச் சிகிச்சையாளர் காப்பி குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில், வராந்தா நாற்காலியில் நோயாளியை உட்கார வைத்து அளக்க ஏற்பாடு செய்தார். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். வார்டில் எங்கள் பழைய டாக்டர் செய்யும் வரிசையை நினைவிலிருந்து எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் எவ்வளவு விரிகிறது. அதன் நுனி எந்த விரல்வரை போய்த் தொடுகிறது. மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது. மேஜையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க முடிகிறதா. சட்டைப் பொத்தான் போட முடிகிறதா. கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்: அவருடைய கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அளவுகள் வந்தன. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் அடியைத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. நாணயத்தை மேஜை விளிம்புவரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் எடுத்தார். கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. மூன்று முறை முயன்றார் என்று சிகிச்சையாளர் எழுதியிருந்தார்.

கடிதத்தை எழுதி முடித்தேன். தனுஷ்கோடி சார் வாய்விட்டு வாசித்தார். 'சட்டைப் பொத்தானைத் தினமும் அவருடைய மனைவிதான் போட்டுவிடுகிறார்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"மனைவி எதுக்கு?"

"உண்மைதானே சார்."

"உண்மைதான். ஆனா மனைவின்னு எழுதினா, அதான் ஆளு இருக்குல்லன்னு வாசிக்கிறவன் நினைப்பான். பொத்தான் போட முடியல. அதோட நிறுத்துங்க."

நிறுத்தினேன். கடைசிப் பத்தியில் நான் ஒரே ஒரு வரிதான் என் சொந்தமாக எழுதினேன்: 'முடிவெட்டுபவரின் கட்டைவிரல் அவருடைய தோற்றத்தின் பகுதி அல்ல.' அதை அவர் இரண்டு முறை வாசித்தார். பேனாவை எடுத்தார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

இருபத்தாறு நாள் கழித்து அனுமதி வந்தது. மூன்று வரி. மூன்றாவது வரி, 'இந்த அனுமதி பணம் வழங்கப்படும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல' என்றது. நாங்கள் யாரும் கை தட்டவில்லை. தனுஷ்கோடி சார் ஃபைலில் தேதியைக் குறித்துவிட்டு, "அடுத்து?" என்றார். ஆனால் அன்று அவர் கழிப்பறைப் பக்கம் போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பத்து வருடப் பழக்கத்தில் நான் கேட்ட ஒரே பாட்டு.

மேல்மாடியில் வேறு மாதிரி நடந்தது. ஒரு மறுப்பு அப்பீலில் தோற்றால், அதற்குக் குறிப்பு தயாரித்தவரின் பேரில் ஒரு புள்ளி விழும் என்பது எனக்குத் தெரியாது. ரெஜினாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பெட்டியைக் காலியாக விட்டதால் அவளுடைய குறிப்பு முழுமையற்றது என்று அதில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் அதை என்னிடம் நீட்டினாள்.

"நிரப்ப நம்பர் இல்ல, கேட்டு வாங்கட்டுமான்னு அன்னைக்கே கேட்டேன். நேரமில்ல, காலியா விடுன்னாங்க. இப்பக் காலியா விட்டது என் தப்பு."

"நான் வேணும்னா ஒரு பதில் எழுதித் தாரேன்."

"நீ எழுதினது போதும்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஒற்றை இடம் ஒன்று காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அங்கேதான். ஏறும்போது என் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினாள். முழங்கால்காரிக்கு அது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். நானே போய்ப் பேசியிருக்கலாம். என்ன சொல்லிப் பேசுவது? எழுதினதில் தப்பில்லை. சொல்லித் தந்தவளுக்கு நேர்ந்ததும் என்னால்தான். இரண்டும் ஒன்றாக நின்றன. நாலு மாதம் இப்படிப் போனது. அதற்குள் அவளை மேல்மாடியிலேயே மருத்துவம் சேராத வேறு ஒரு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். முகவரிகளைச் சரிபார்க்கும் வேலை. இருபது வருடம் தீக்காயம் பார்த்த நர்ஸ், பின்கோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் டோனா அம்மாளிடமிருந்து வேறொரு ஃபைல் பற்றி மின்னஞ்சல் வந்தது. அதன் அடியில் நாலு வரி சேர்த்திருந்தார்: 'நம் முடிவெட்டுபவருக்கு ஆபரேஷன் முடிந்தது. தாமதமாகிவிட்டதால் விரல் முழுவதுமாக வரவில்லை. மோதிர விரல்வரைதான் தொடுகிறது. கடையை அரை நாள் மட்டும் திறக்கிறார். சனிக்கிழமை நான் போய் முடி வெட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.'

அதை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று எண்ணவில்லை. தனுஷ்கோடி சாரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "ஃபைல்ல சேக்க வேண்டியதில்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை இடத்துக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெஜினா நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது தடவையாக விதியை மீறினேன்.

"அந்த ஆளு முடி வெட்டுறாராம். ஆஸ்பத்திரி அம்மாவுக்கே வெட்டிவிட்டுட்டாராம். ஒரு பக்கம் மட்டும் ஏத்த எறக்கமா வந்துருச்சாம்."

பஸ் கிளம்பிச் சந்தையைத் தாண்டியது. என் முதுகு வலிக்கத் தொடங்கியது. போய் உட்காரலாம் என்று திரும்பினேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"என்ன?"

"ஏத்த எறக்கம் எந்தப் பக்கம்டி? வலப்பக்கமா, இடப்பக்கமா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக டோனாவுக்கு எழுதிக் கேட்டேன். ஆபீஸ் விஷயமாக அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், 'கூடுதல் விவரம் தேவை' என்று போட்டேன். இடப்பக்கம், காதுக்குப் பின்னால் என்று பதில் வந்தது.

சாயங்காலம் சொன்னேன். ரெஜினா தன் வலது கையை உயர்த்தி, டிரைவரின் தலைக்குப் பின்னால், அவருக்குத் தெரியாமல், காற்றில் கத்தரிக்கோல் பிடித்து இப்படியும் அப்படியும் வெட்டிப் பார்த்தாள். இடப்பக்கக் காதுக்குப் பின்னால் போனதும் கை நின்றது.

"விரல் இல்ல எஸ்தரு. மணிக்கட்டு திரும்பல. தினமும் வெந்நியில வச்சுத் திருப்பச் சொல்லு. காலையில ஒரு தடவை, ராத்திரி படுக்கைக்கு முன்னாடி ஒரு தடவை. விட்டுறக் கூடாதுன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்தாள். ஒற்றை இடம்தான். இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம்.